கணப்போரம் ஓர் இடம்

அம்மா கணப்புக்கு இடப்பக்கம், நேர்முதுகு நாற்காலியில். அவள் காலடியில் நாய். டொமினிக் மாமா கதவை ஒட்டிய பெஞ்சில், தொப்பி முழங்கால் மேல். பக்கத்து வீட்டு சாரா லவெல் மேசையின் எதிர்ப்புறம், ரொட்டிக்கு அருகில். நான் மேசையின் ஜன்னலோரம், கணப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எழுத்து தெரிகிற வெளிச்சம் அங்கேதான். கணப்புக்கு வலப்பக்கம் அப்பாவின் நாற்காலி. காலி.

என் தம்பி ஆஸ்டினுக்கு நான் எழுதும் எந்தக் கடிதமும் இப்படித்தான் தொடங்கும். கிளீவ்லாண்டுக்குப் போன முதல் குளிர்காலத்தில் அவனே கேட்டது அது. "வானிலையைப் பிறகு சொல்லு. யார் யார் இருந்தீர்கள், எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று முதலில் எழுது. கண்ணை மூடினால் சமையலறை எனக்குத் தெரிய வேண்டும்." பத்தொன்பது வயதுப் பையன். படித்துவிட்டு அழுதேன். அன்றிலிருந்து ஒருமுறைகூடத் தவறவில்லை. காய்ச்சலோடு எழுதியபோதும், அப்பா செத்த வாரம் எழுதியபோதும், நாற்காலி நாற்காலியாக எழுதினேன்.

அமெரிக்கக் கடிதத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. தபால்காரர் எந்தக் கிழமை கொண்டுவந்தாலும் உடனே பிரிப்பதில்லை. கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவிடுவோம். ஞாயிறு பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, மாமா வயலைத் தாண்டி வந்து உட்கார்ந்து, சாரா லவெல் ஏதோ ஒரு சாக்கில் எட்டிப் பார்த்த பிறகுதான் உறையைக் கிழிப்போம். சாராவின் மகள் நோரீனும் கிளீவ்லாண்டில்தான் இருக்கிறாள். அதனால் எங்கள் கடிதத்தில் தனக்கும் உரிமை உண்டு என்பது சாராவின் எண்ணம். படிப்பது நான். அடுத்த ஞாயிறு பதில் எழுதுவதும் நான். ஆளுக்கு ஒரு வரி சொல்வார்கள். எனக்கு வரி கிடையாது. எழுதுகிறவள் வெறும் கை, கைக்கு வாய் கிடையாது என்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஹெனகன் டீச்சர் அடிஸ்கேலைத் தட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார். நல்ல மாணவி நான். அப்படியே நடந்துகொண்டேன்.

ஆகவே அந்த ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை கடிதத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது. எனக்கும் தெரியாது.

லொரெய்னுக்கு இருமல் குறைந்துவிட்டது என்று தொடங்கியது. லொரெய்ன் அவன் மனைவி. போட்டோவில் மட்டும் பார்த்தவள். பெரிய பையனுக்கு முன்பல் விழுந்ததாம். அதற்கடுத்த வரி: "ஆகஸ்டில் ஊருக்கு வந்துவிடுகிறோம். விடுமுறைக்கு இல்லை. நிரந்தரமாக." மாமா தொப்பியைத் தூக்கிக் கணப்புத் திட்டின்மேல் எறிந்தார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். சாரா கை தட்டினாள். எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த தாளைத் திருப்புகிற நேரம்வரைக்கும் இருந்தது.

"வக்கீலுக்கு எழுதிவிட்டேன். அம்மா கையெழுத்துப் போட்டால் வீடும் நிலமும் என் பேருக்கு மாறும். வின்னியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். அவளுக்கு உள்ளதைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆயுள் முழுக்க மேற்கு அறை. ஒரு பசு மேயப் புல். வருஷம் முழுக்க அடுப்பெரிக்கச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த எரிகட்டி. கணப்போரம் உட்கார உரிமை. ஞாயிறு பூசைக்குக் காரில் ஓர் இடம்."

வின்னி என்பது நான்தான்.

குரல் நடுங்காமல் படித்தேன். ஹெனகன் டீச்சரின் பயிற்சி அப்படி: நிறுத்தல் குறியில் நிறுத்து, வாக்கியத்தின் கடைசியில் குரலை இறக்கு. 'காரில் ஓர் இடம்' என்பதில் அழகாகக் குரலை இறக்கினேன். என் வாயால் என்னையே மேற்கு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, "இப்படிக்கு அன்புள்ள ஆஸ்டின்" என்றும் படித்து முடித்தேன்.

"பாத்தியா, ஒண்ணக்கூட மறக்கல புள்ள," என்றாள் சாரா. "கார்ல இடமாம்! எனக்கு யாரு இப்படி எழுதிக் குடுத்தா? நடந்தே போயி நடந்தே வரேன். கொடுத்து வச்சவடி நீ."

"அவன்கிட்ட ஏது காரு?" என்றார் மாமா.

"வாங்காமலா இருப்பான்?"

"அதுவும் சரிதான். ஏம்மா வின்னி, முன்சீட்டா பின்சீட்டா? அதையும் இப்பவே கேட்டு எழுதிரு. அப்புறம் நாத்தனா சண்டை வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் பல் கூசுகிறது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி கடிகாரத்துக்குப் பின்னால் செருகினாள். அப்பா நிலத்தை அவள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு புல்கூட யாருக்கும் போகாது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குத் தெரிந்தது அவள் பெயர் மட்டும்தான். அந்த ஒரு பெயர்தான் இப்போது எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

அந்த வாரம் நான் செய்த வேலை எல்லாம் சத்தத்தோடு நடந்தது. வாளியை வைத்தால் அது கல்லில் மோதியது. கதவைச் சாத்தினால் அலமாரியில் தட்டுகள் பேசின. கீழ்வயலுக்குப் போய் நின்றேன். அப்பா சாகும்போது அது வயலே இல்லை. முழங்கால் உயரத்துக்குக் கோரை, அடியில் நாற்றத் தண்ணீர். இரண்டு குளிர்காலம் நான் வாய்க்கால் வெட்டினேன், கல் பரப்பினேன், மூடினேன். மண்வெட்டிப் பிடி பட்ட இடம் இன்னும் உள்ளங்கையில் காய்ப்பாக இருக்கிறது. இப்போது அங்கே வைக்கோலுக்குப் புல் வெட்டுகிறோம். அந்தப் புல்லில் ஒரு பசுவுக்கு ஆனதைத் தம்பி எனக்குத் தருகிறான். எந்தப் பசு? கொட்டகையில் விடிய விடிய வைக்கோலில் மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டுத் திருப்பி நான் வெளியே எடுத்த கன்றுகள்தான் அங்கே நிற்பவை எல்லாம். அதில் ஒன்றைக் காட்டி, 'இது உனக்கு' என்பான். நான் நன்றி சொல்ல வேண்டும்.

சந்தையில் மாட்டு வியாபாரிகள் என் தலைக்கு மேலே மாமாவைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். மாமாவுக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டினால் "சரி" என்பார். அதையும் பொறுத்துக்கொண்டேன். வீட்டுக்கு ஓர் ஆம்பளைக் குரல் வேண்டும், குரல்தானே என்று. மார்ட்டின் என்று ஒருவன் கல்யாணம் செய்துகொண்டு இங்கிலாந்துக்குப் போகலாம் என்று கூப்பிட்டபோது அம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். எப்படி விட்டுப் போவேன் என்று கேட்டேன். அவன் கொஞ்ச நாள் காத்திருந்தான். பிறகு அங்கே போய் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அந்தச் செய்தியையும் நான்தான் ஆஸ்டினுக்கு எழுதினேன். அம்மா சொன்ன வரியாக.

கோபத்தில் பெரும்பகுதி ஆஸ்டின் மேல்கூட இல்லை. அவன் சொன்ன வாசகம் அவனுடையது இல்லை, எங்கள் பக்கத்தில் வழக்கமாக எழுதுவதுதான். மகன் கல்யாணம் செய்து பெண்ணைக் கொண்டுவந்தால், வீட்டில் மிஞ்சிய பெண்பிள்ளைக்கு அறை, புல், எரிகட்டி, கணப்பில் இடம். வக்கீல் அலுவலகத்தில் அச்சடித்தே வைத்திருப்பார்கள் போல, பெயரை மட்டும் நிரப்பிக்கொள்ள.

அப்படி நிரப்பப்பட்ட ஒரு பெயர் எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. அப்பாவின் அக்கா செலியா அத்தை.

அதே மேற்கு அறை. அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை சாகிற நாள் வரை இருவரும் சண்டை போட்டு யாரும் கேட்டதில்லை. சண்டைக்குத் தேவையே இருக்கவில்லை. அத்தைக்குக் கணப்போரம் இடம் உண்டு என்றுதான் பத்திரம் சொன்னது. எந்த ஓரம் என்று சொல்லவில்லை. புகை வருகிற ஓரத்தில் ஒரு முக்காலி போட்டார்கள். அத்தை முட்டை அவிக்க வரும்போதெல்லாம் நெருப்புக்கு மேலே கொக்கியில் ஏதோ ஒரு பானை தொங்கிக்கொண்டே இருக்கும். கன்றுக்குக் கஞ்சி, பன்றிக்கு உருளைக்கிழங்கு, துணிக்கு வெந்நீர். அத்தை முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேச மாட்டாள். கண்ணைத் துடைப்பாள், புகையா அழுகையா என்று யாரும் கேட்கவில்லை. ஆஸ்டின் மட்டும் அவள் முழங்கால்களுக்கு நடுவில் போய் உட்காருவான். சின்னப் பிள்ளைக்குப் பத்திரம் தெரியாது. அத்தையை அடக்கம் செய்த மறுநாள் அம்மா அந்த முக்காலியை எடுத்துக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டில் போட்டாள். இப்போதும் அங்கேதான் கிடக்கிறது. சிவப்புக் கோழி அதன்மேல்தான் அடையும்.

புதன்கிழமை முட்டை எடுக்கப் போனவள் அந்த முக்காலியைப் பார்த்தேன். தினம் பார்ப்பதுதான். அன்றைக்கு அதன் உயரத்தைப் பார்த்தேன். உட்கார்ந்தால் என் முழங்கால் மார்பைத் தொடும்.

முட்டைக் கூடையோடு நேரே சமையலறைக்குள் வந்தேன். அம்மா உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன சொல்லப் போறே?"

"எதுக்கு?"

"அவன் கேட்டதுக்கு."

"அவன் பையன்டி."

"நான் யாரு?"

"நீ இங்கதானே இருக்கே. உன்னை யாரு போகச் சொன்னா?"

"செலியா அத்தையையும் யாரும் போகச் சொல்லல."

தண்ணீருக்குள் அம்மாவின் கை நின்றது.

"அவ பேச்ச எடுக்காத."

"ஏன் எடுக்கக் கூடாது? அதே ரூமு. அதே புல்லு. முக்காலிகூடப் புதுசா செய்ய வேணாம், கழுவி எடுத்தாப் போதும்."

"உனக்கு இருக்கற நாக்கு அவளுக்கு இல்ல."

"இல்ல. அதனாலதான் பாதி வெந்த முட்டையத் தின்னுட்டு இருந்தா, சாகற வரைக்கும். நீ எத்தன பானைம்மா தொங்கவிட்டே? உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. இனிமே லொரெய்ன் தொங்கவிடுவா. அவ கெட்டவளா இருக்கணும்னே அவசியம் இல்ல. நீ கெட்டவளா இருந்தியா என்ன?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஒரு கிழங்கை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை, மறுபடி தேய்த்தாள். தோல் உரிந்து வெள்ளை தெரிகிற வரைக்கும் தேய்த்தாள்.

"தண்ணி கொதிக்குது பாரு," என்றாள் கடைசியில்.

அதற்குமேல் அந்த வாரம் நாங்கள் இருவரும் மாட்டிடம்தான் பேசினோம்.

ஞாயிறு வந்தது. மாமா அவர் பெஞ்சில், சாரா ரொட்டிக்குப் பக்கத்தில், அம்மா இடப்பக்கம். நான் தாளையும் பேனாவையும் மசிப்புட்டியையும் எடுத்துக்கொண்டேன். ஜன்னலோரத்துக்குப் போகவில்லை. ரொட்டி அறுக்கும் பலகையைத் துடைத்து எடுத்துக்கொண்டு, கணப்பைச் சுற்றி நடந்து, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். பலகையை மடியில் வைத்தேன். இத்தனை வருஷமாக அந்த நாற்காலியைத் துடைத்தவள் நான்தான். அது எவ்வளவு தாழ்வாகச் சாய்ந்து கொடுக்கிறது, கைப்பிடியில் மரம் எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது, நெருப்பு முகத்தில் படுவது எப்படி இருக்கும், ஒன்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாமா இருமினார். சாரா அம்மாவைப் பார்த்தாள்.

"அது அவன் வந்தா உக்கார வேண்டிய இடம்," என்றாள் அம்மா.

"வந்தா பாத்துக்கலாம். இன்னிக்கு வரலியே."

"வெளிச்சம் பத்தாது உனக்கு."

"நெருப்பு வெளிச்சம் போதும்."

"எந்திரிடி."

"மாட்டேன்."

என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பலகையை நேராக்கி, தாளை அதன்மேல் விரித்தேன். நாய் எழுந்து, இருவரையும் பார்த்துவிட்டு, கதவோரம் மாமாவிடம் போய்ப் படுத்துக்கொண்டது.

"சரி, சரி, எங்க உக்காந்தா என்ன," என்றார் மாமா அவசரமாக. "எழுதும்மா. சதுப்பு நல்லாக் காஞ்சிருக்கு, எரிகட்டி எல்லாம் ஏற்கெனவே அடுக்கியாச்சுன்னு எழுது. அவன் வந்து ஒரு கட்டியத் தூக்க வேணாம்."

"யாரு அடுக்கினான்னு எழுதட்டுமா மாமா?"

மாமா தொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "அடுக்கியாச்சுன்னு எழுது போதும்."

அப்படியே எழுதினேன். சாரா, நோரீனின் பழைய கம்பளிக் கோட்டை வரும்போது எடுத்துவரச் சொன்னாள். அங்கே யாருக்கும் தேவைப்படாது, இங்கே அவளுடைய தங்கைக்கு ஆகும், பெட்டியில் அடியில் வைத்தால் சுருக்கம் விழும், மேலே வைக்கச் சொல். அதையும் எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.

அம்மா நெருப்பைக் கிளறினாள். ஒரு கட்டியை எடுத்து வைத்தாள். இன்னொன்றை எடுத்து, வைக்காமல் கீழே போட்டாள்.

"சொல்லு பிட்," என்றார் மாமா, தன் அக்காவைப் பெயர் சொல்லி. "பையன் காத்துக்கிட்டிருப்பான்ல. நிலம் உனக்குத்தான்னு ஒரு வார்த்த."

"எழுது," என்றாள் அம்மா. "செலியாவோட முக்காலி கோழிக்கூட்டுல இருக்குன்னு எழுது."

கணப்பில் எரிகட்டி ஒன்று உடைந்து சாம்பலில் சரிந்தது.

"அது எதுக்கு அவனுக்கு?" என்றாள் சாரா. "பத்து வருஷம் கழிச்சு ஊருக்கு வர்ற புள்ளைக்கு முக்காலியவா எழுதுவாங்க?"

"உன் கோட்ட எழுதினா இல்ல? இதையும் எழுதட்டும்." அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "இன்னும் உடையலன்னும் எழுது."

எழுதினேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான்."

"பத்திரம்?"

"அவ்வளவுதான்னு சொன்னேன்ல."

அந்த வரி எனக்காகச் சொன்னதா, எனக்கு எதிராகச் சொன்னதா என்று எனக்குப் புரியவில்லை. இடம் தயாராக இருக்கிறது என்கிறாளா, இன்னொருத்தி அதில் உட்கார வேண்டாம் என்கிறாளா? அத்தையின் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்த பையனுக்கு அது என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அம்மாவுக்கு என்னிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டும், அட்லாண்டிக்கைச் சுற்றித்தான் வருவாளாம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கூடியது.

கடிதத்தை மூடும் முன் முழுதும் உரக்கப் படிப்பது முறை. தேதியைப் படித்தேன். "அம்மா கணப்புக்கு இடப்பக்கம். டொமினிக் மாமா பெஞ்சில். சாரா லவெல் மேசையில். ஜன்னலோரம் யாரும் இல்லை. வின்னி அப்பாவின் நாற்காலியில், மடியில் ரொட்டிப் பலகை, பலகைமேல் இந்தத் தாள்."

"அடடே," என்றார் மாமா. "அதப் போயி ஏம்மா எழுதறே? அவன் மனசு சங்கடப்படாதா?"

"யாரு எங்க உக்காந்தாங்கன்னு அவன்தான கேட்டான் மாமா."

மீதியையும் படித்தேன். சதுப்பு, கோட்டு, முக்காலி. வாக்கியக் கடைசிகளில் குரலை இறக்கவில்லை.

கையெழுத்துப் போட அம்மா வழக்கமாக மேசைக்கு வருவாள். நான் எழுந்து என் இடத்தைக் கொடுப்பேன். அன்று நான் எழவில்லை. அவள் கம்பை ஊன்றி எழுந்து, கணப்பைக் கடந்து, என் முன்னால் வந்து நின்றாள். நெருப்பை மறைத்துக்கொண்டு நின்றதால் அவள் முகம் தெரியவில்லை. தாளின் தலைப்பில் தன் விரலை வைத்தாள். "நீ உக்காந்திருக்கற வரி இதுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த எழுத்துகள் மேல் விரலை ஒருமுறை ஓட்டினாள். ஆஸ்டினின் கடிதத்தைத் தடவியதுபோல. பிறகு குனிந்து, ஒரு கையை என் தோளில் ஊன்றிக்கொண்டு, மடிமேல் இருந்த பலகையில் அவளுக்குத் தெரிந்த அந்த ஒரே பெயரை எழுதினாள். தோளில் ஊன்றிய கை கனத்தது. எழுதி முடித்த பிறகும் உடனே எடுக்கவில்லை. மசி காய்கிற வரைக்கும் இருந்திருக்கலாம். அல்லது இடுப்பு வலியாக இருக்கலாம்.

உறையை ஒட்டுவது எப்போதும் அவள் வேலை. நாக்கால் ஒட்ட மாட்டாள், கோந்து கசக்குமாம். கட்டைவிரலைத் தேநீர்க் கோப்பையில் நனைத்து மடிப்பின்மேல் இழுப்பாள். இழுத்தாள். பழுப்பாக ஒரு கறை விழுந்தது.

"நாளைக்குத் தபால்காரர் வருவாரே," என்றாள் சாரா.

"நானே போட்டுட்டு வரேன்," என்றேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு முச்சந்திக்குப் போனேன். மழை தூறியது; கடிதத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். அங்கே கல்சுவரில் பதித்த பச்சைத் தபால்பெட்டி. உறையைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல் கறை இன்னும் ஈரமாக இருந்தது. அது காயட்டும் என்று நிற்கவில்லை. பெட்டியின் வாய்க்குள் தள்ளிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பெட்டி காலி போல. கடிதம் தகரத்தில் போய் விழுந்த சத்தம் வெளியே எனக்குக் கேட்டது.